கழற்றி வைத்த சப்பாத்து

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிற ரகம் நான். எங்கள் தோட்டத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள், ஆலை ஓரம் முனி நடக்கிறது என்பார்கள், கால்வாய்க்குள் யாரோ அழுகிறாள் என்பார்கள், கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து பாலுக்காக ரப்பர் மரம் வெட்டப் போகிறவளுக்கு இதையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. நான் சொல்லப்போவது இருட்டில் நடந்ததும் இல்லை. நல்ல வெயில். ஞாயிற்றுக்கிழமை. கடல் தெரிகிற மலை. எல்லாரும் வாழையிலை முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த நேரம். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு, என் வீட்டுக்காரரே இன்றுவரை பாதிதான் நம்புகிறார்.

மலாயாவில் வெள்ளைக்காரன் ஆண்ட அவசரகாலம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, வெளியே சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். போக வர ஒரே கேட். சாயங்காலம் கேட்டை அடைத்துவிட்டால் வெளியே நிற்கிறவனை என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள், சுடுவார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி சோறுகூட வெளியே எடுத்துப் போக விடுவதில்லை. கேட்டில் ஆண்களைத் தடவிச் சோதிக்க ஓர் ஆள், பெண்களைத் தடவ ஒரு பெண். கடையில் மீன் டின் வாங்கினால் கடைக்காரரே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கையில் தருவார், அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும். வெயில், மழை, பசி எல்லாவற்றுக்கும் பாஸ் கேட்ட காலம்.

இந்த லட்சணத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

அப்பா மண்டோர், வெட்டுக்காரர்களை மேய்க்கிற வேலை. குவாலா சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காசிம் பாய் அவருக்கு நெடுநாள் சிநேகிதர். கெர்லிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லோரி ஓட்டுகிற பையன் இருக்கிறான், பெயர் தனபாலன், அப்பா இல்லை, அம்மாவும் பெரியப்பாவும்தான் என்று வரன் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் பெண் பார்ப்பது எப்படி?

"உங்க தோட்டத்துக்குள்ளே அவங்க வரணும்னா ஒரு பாஸு, அங்கே நீங்க போகணும்னா ஒரு பாஸு. எல்லாத்துக்கும் கையெழுத்து வாங்கி முடிக்கிறதுக்குள்ளே மாப்பிள்ளைக்கு நரைச்சிடும் மண்டோரு. ஞாயித்துக்கிழமை லைட்ஹவுஸ் மலைக்கு வாங்க. காத்து வாங்க வந்த மாதிரி அவங்களும் வரட்டும். சோறு நம்ம கடையிலேருந்து நான் தூக்கிட்டு வர்றேன். பொண்ணு பார்த்தாப்பிலேயும் ஆச்சு, கடலைப் பார்த்தாப்பிலேயும் ஆச்சு லா" என்றார் பாய்.

கடல்! எங்கள் தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரம் என்பார்கள். மழைக்கு முன்னால் காற்றில் உப்பு வாசனை வரும். ஆனால் நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்கிற நாள், தலைக்கு எண்ணெய் வைக்கிற நாள், அவ்வளவுதான். உல்லாசமாக ஒரு நாள் வெளியே போய் வருவது என்பதை துரை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற காய்ச்சல் மாதிரி நினைத்திருந்தோம். அந்த வாரம் முழுக்க எனக்கு மாப்பிள்ளை நினைப்பே இல்லை, உண்மையைச் சொல்கிறேன், கடல் நினைப்புத்தான்.

தோட்டத்து லோரி ஞாயிறுகளில் சாமான் வாங்கப் பட்டணம் போகும். அப்பா, அம்மா, நான், துணைக்கு என் சிநேகிதி அஞ்சலை, நாலு பேரும் ஏறிக்கொண்டோம். அஞ்சலை வழியெல்லாம் வாயை மூடவில்லை. மலையடிவாரத்தில் இறங்கியதும் அம்மா என் முந்தானையை இழுத்துச் சரிசெய்து காதில் சொன்னாள்.

"இனிமே தலையைத் தூக்கினே, தொலைச்சுப்புடுவேன். அவங்க போற வரைக்கும் கண்ணு தரையிலே இருக்கணும்."

"கடலு, அம்மா?"

"கடலு எங்கே ஓடிப் போகுது? அப்புறமாப் பார்த்துக்கலாம்."

அப்புறமாக. இந்த ஒரு சொல்லைப் போல என்னை ஏமாற்றியது வேறு எதுவும் இல்லை.

ஆக அந்த மலையில் நான் பார்த்ததெல்லாம் தரைதான். சருகு, குரங்கு தின்று போட்ட தோல், பெரிய மரத்தின் வேர், அப்புறம் கால்கள். அவர்கள் வந்து பாய் விரித்து எதிரே உட்கார்ந்தபோது கால்களைக் கொண்டுதான் ஆட்களை அறிந்தேன். வெடித்த குதிகாலும் வெள்ளி மெட்டியும் அவர் அம்மா. வெள்ளை வேட்டிக்குக் கீழே மெலிந்த முழங்கால் பெரியப்பா. இரண்டுக்கும் நடுவே பளபளவென்று கறுப்புச் சப்பாத்து, புத்தம் புதிது. அது அவர்.

அந்தச் சப்பாத்து அவரைப் படுத்திய பாடு எனக்கு மட்டும்தான் தெரியும். வரும்போதே பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி ஊன்றி நடந்து வந்தார். உட்கார்ந்த பிறகு ஒரு சப்பாத்து மற்றதன் குதியை மிதித்துத் தள்ளியது. மெதுவாக, யாரும் கவனிக்காதபடி இரண்டையும் கழற்றி மரவேருக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தார். சிவந்து கன்றிப்போன விரல்கள் காற்றுப்பட்டு ஒருமுறை விரிந்து மடங்கின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்த தலை குலுங்கியதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"ஆபீஸ் கணக்கு எழுதுற கிராணி சப்பாத்து. இன்னைக்கு ஒரு நாளைக்கு இரவல்" என்றார் மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அவரு காலு சின்னது, மனசு பெருசு."

என் வாழ்க்கையில் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அஞ்சலை என் கண்ணாக இருந்தாள். காதோரம் ஓதிக்கொண்டே இருந்தாள். "ஏய் பவுனு, மூக்கு நல்லாத்தான் இருக்கு. காதுதான் கொஞ்சம் விரிஞ்சிருக்கு, அது போகட்டும், நீ பேசுறதைக் கேட்கிறதுக்கு வேணும் இல்லே."

காசிம் பாய் பொட்டலங்களோடு மேலே ஏறி வந்து, மூச்சு வாங்க இலைகளைப் பிரித்துப் போட்டார். அப்போதுதான் வரிசையின் கடைசியில் இன்னும் இரண்டு கால்கள் வந்து மடங்கி உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

வெறுங்கால். கணுக்கால் வரைக்கும் சாம்பல் நிறத்தில் சேறு. ஆற்று முகத்தில் உப்புச் சேற்றில் வளர்கிற பாக்காவ் மரங்கள் நிற்கிற இடத்துச் சேறு அது, எங்கள் ஆட்கள் நண்டு பிடித்து வரும்போது காலில் இருக்குமே, அதே வாசனை. மாப்பிள்ளை வீட்டு உறவு போல, கீழே படகுத்துறைப் பக்கம் இறங்கிவிட்டு வருகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும் ஒரு கை" என்றது குரல். வயதைச் சொல்ல முடியாத குரல்.

"அட, உட்காருங்க உட்காருங்க, கேட்கணுமா" என்று பாய் சொன்னார். ஒரு பொட்டலம் குறைந்தது. யாரும் அசைவதற்கு முன்னால் கன்றிப்போன அந்தக் கால்கள் எழுந்து போய்க் கடைசியில் உட்கார்ந்தன. தன் இலையை நடுவில் வைத்து, "வாங்க, பங்கு போட்டுக்குவோம்" என்றார் தனபாலன்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று நினைப்பீர்கள். இலை முன்னால் உட்கார்ந்துவிட்டவனைப் பார்த்து நீ யார் என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அதிலும் பெண் பார்க்கிற இடம். எங்களுக்கு அவர் மாப்பிள்ளை வீட்டு ஆள். அவர்களுக்கு அவர் பெண் வீட்டு ஆள். பாய்க்கு இரண்டு வீட்டில் ஏதோ ஒரு வீட்டு ஆள். யாரய்யா இவர் என்று ஒரு பக்கம் வாய் திறந்தால் மறுபக்கத்து மனிதரை அவமதித்ததாகிவிடும், சம்பந்தமே முறிந்துபோகும். ஆகவே எல்லாரும் அவருக்கு மரியாதை செய்தார்கள். அப்பா கூடுதலாகவே செய்தார், "மீனு இன்னொரு துண்டு வைங்க பாய் அவருக்கு" என்று. எதிர்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவும், "ரசம் ஊத்துங்க, வெறுஞ்சோறாச் சாப்பிடுறாரு பாருங்க" என்றார்.

சாப்பாடு முடிந்தது. வெற்றிலை போட்டார்கள். என் அம்மாவை அவர் அம்மா, "பொண்ணுக்கு அடுப்பு வேலையெல்லாம் எப்படி?" என்று கேட்க, அம்மா இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்துச் சொல்ல, பெரியப்பா நாள் பார்க்கலாமா என்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. அஞ்சலை என் தொடையைக் கிள்ளினாள். எவ்வளவு நேரம் போயிருக்கும்? நிழல் மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. சுட்டெரிக்கிற வெயில், பாறையெல்லாம் கொதிக்கிறது, எதிரே கடற்காற்று. அப்படியும் அந்தக் காலில் சேறு காயவில்லை. அது ஓர் ஓரத்தில்கூட வெளுக்கவில்லை, வெடிக்கவில்லை. இப்போதுதான் சேற்றிலிருந்து தூக்கி எடுத்தது போல ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. வந்தபோது பார்த்ததைவிட ஈரமாகக்கூட.

அதை வேறு யாரும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து உட்கார வேண்டியவள் அங்கே நான் ஒருத்திதானே.

"கிழக்கே போற வண்டிதானே தம்பி? முச்சந்தியிலே என்னை இறக்கி விட்டுட்டாப் போதும்" என்றது குரல்.

"அதுக்கென்னங்க, லோரியிலே ஏறிக்குங்க. போற வழிதானே" என்றார் தனபாலன்.

காசிம் பாய் திடீரென்று நிழலைப் பார்த்துப் பதறினார். "யா அல்லா, கிளம்புங்க கிளம்புங்க, அவங்க கெர்லிங் போய்ச் சேரணும், கேட்டை அடைச்சிடுவான்!" எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். விரித்த பாயைச் சுருட்டுகிறார்கள், கும்பிடுகிறார்கள், குரங்கு ஒன்று இலையை இழுக்கிறது, அஞ்சலை அதை விரட்டுகிறாள். அந்தக் களேபரத்தில் இரண்டு ஜோடிக் கால்கள் பக்கம் பக்கமாகச் சரிவில் இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

இரண்டும் வெறுங்கால். இரண்டிலும் கணுக்கால் வரைக்கும் சாம்பல் நிறச் சேறு. இரண்டும் ஈரம்.

ஒரு ஜோடி பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நடந்தது. அதைக் கொண்டுதான் எது அவருடையது என்று தெரிந்தது.

அவர் உட்கார்ந்த பாயை விட்டு எங்கேயும் போகவில்லை. நான் சத்தியம் செய்வேன். என் கண்ணெதிரேதான் எழுந்து கிளம்புகிற வரைக்கும் இருந்தார்.

மரவேருக்குப் பின்னால் சப்பாத்து அப்படியே கிடந்தது. சப்பாத்து என்று ஒரு சொல் நான் சொல்லியிருந்தால் போதும், திரும்பி வந்திருப்பார், காலைப் பார்த்திருப்பார், யாராவது எதையாவது கேட்டிருப்பார்கள், நேரம் தப்பியிருக்கும், முச்சந்தி வேறு முச்சந்தியாகியிருக்கும். வாய் வரைக்கும் வந்தது. அம்மாவின் கை என் பிடரியில் இருந்தது. பார்க்க வந்தவர்களைப் பெண் கூப்பிட்டுப் பேசினால் என்ன ஆகும் என்று எல்லாரையும் போல எனக்கும் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். அவர்கள் லோரி கிளம்புகிற சத்தம் கேட்டது. எங்கள் லோரியும் கீழே ஹோன் அடித்தது. ஓடிப்போய் ஏறினோம். கேட்டுக்குள் வந்து இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் கடலைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காசிம் பாய் ஆள் அனுப்பிச் சேதி சொன்னார்.

பத்தாங் பெர்ஜுந்தை தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மண் பாதை பிரிகிற முச்சந்தி. லோரியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் தட்டினாராம். தனபாலன் எஞ்சினை நிறுத்தாமல் இறங்கிப் போய்ப் பின் பலகையைத் திறந்துவிட்டிருக்கிறார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டு நடக்கிற சத்தம். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவும் பெரியப்பாவும் காத்திருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியப்பா இறங்கிப் பார்த்தபோது காய்ந்த செம்மண் ரோட்டில் வெறுங்கால் தடம் இரண்டு ஜோடி, ஈரத்தோடு, மரங்களுக்கு உள்ளே போயிருந்தது. கொஞ்ச தூரம்தான். அப்புறம் சருகு மட்டும்.

பட்டாளத்தான், போலீஸ்காரன் எல்லாரும் தேடினார்கள். கிடைக்கவில்லை. கிடைக்கவே இல்லை.

பையன் காட்டுக்குப் போய்விட்டான் என்று பேச்சு வந்தது. அந்தக் காலத்தில் காணாமல் போனவனுக்கு அதுதான் பெயர். கூட்டிப் போன ஆள் யார் என்று எங்களையும் அவர்களையும் காசிம் பாய் கடையில் ஒன்றாக உட்கார வைத்து ஓர் அதிகாரி விசாரித்தார். அங்கேதான் உடைந்தது எல்லாம்.

"எங்களைக் கேட்டா? அவரு இவங்க ஆளுங்க" என்றார் அப்பா.

"என்னது?" அவர் அம்மா எழுந்துவிட்டார். "உங்க அண்ணன்தானே அது! அதே நெத்தி, அதே சொட்டை! உங்க வீட்டு ஆளுன்னுதானே எம்புள்ளை ஏத்திக்கிட்டான்!"

"எனக்கு அண்ணனே கிடையாதம்மா. உங்க பெரியவரு ஜாடைதான் அப்படியே. ஒல்லி உடம்பு, வெள்ளை மீசை."

"மீசையே இல்லை மண்டோரு" என்றார் காசிம் பாய், முகம் வெளிறிப்போய். அஞ்சலை, சுருட்டை முடி, வயசு முப்பதுக்கு மேலே இருக்காது என்று அழுதாள். ஒரே மனிதரை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள், ஒருவர் பார்த்த முகத்தை இன்னொருவர் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பொய்யர் என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கால்களைப் பற்றிச் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "ஏற்கெனவே ராசியில்லாத பொண்ணுன்னு பேசுறாளுங்க. இதையும் சொல்லிக்கிட்டுத் திரியாதே."

காலம் போயிற்று. முள்வேலியைப் பிரித்தார்கள். எனக்கும் கல்யாணம் ஆயிற்று. வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், தங்கமான மனிதர், ஒரே ஒரு பைத்தியம், லீவு கிடைத்தால் வீட்டில் உட்கார மாட்டார். பிள்ளைகளையும் பாயையும் சோற்றுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பியாக வேண்டும். பாகான் நக்கோடா ஓமாரில் மீன் வாங்கி மணலிலேயே சுட்டுத் தின்றிருக்கிறோம். சிநேகிதர்கள் குடும்பம் இரண்டு மூன்று சேர்ந்துகொள்ளும், ஒரே கும்மாளம். லைட்ஹவுஸ் மலைக்கும் போவோம். எல்லாரும் சிரிக்க நான் கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், கண் வலிக்கிற வரைக்கும். பிள்ளைகள் கேலி செய்வார்கள், அம்மா கடலுக்குக் காவல்காரி என்று. சோற்றுத் தூக்கைத் திறக்கிற ஒவ்வொரு முறையும், கேட்டில் யாரும் தடவாமல் ஒரு வாய் சோற்றை மலைமேல் கொண்டு வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வேன். பாயில் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும், "நீங்க யாரு வீட்டு ஆளுங்க?" என்று முதலில் கேட்டுவிடுவேன். மரியாதை தெரியாதவள் என்று பெயர் வாங்கிவிட்டேன். வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறேன்.

என் மகளைப் பார்க்க வந்தபோது, தலையை நிமிர்த்தி உட்கார், அவன் முகத்தைப் பார் என்று எல்லார் முன்னிலும் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் திடுக்கிட்டார்கள். அவள் பார்த்தாள். இன்று நன்றாக இருக்கிறாள். எனக்கு அவர் முகம் தெரியாது. காது விரிந்திருக்கும், மூக்கு நன்றாக இருக்கும், அதுவும் அஞ்சலை சொல்லித்தான்.

சப்பாத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது முழுதாகாது. அன்று மலையைத் துப்புரவு செய்து இறங்கும்போது காசிம் பாய் அதை எடுத்து வந்திருக்கிறார். தனபாலன் வீட்டில் யாரும் வந்து கேட்கவில்லை. கடை அடுப்புக்கு மேல் பலகையில், காகிதம் சுற்றிப் பல வருடம் வைத்திருந்தார். கடையை மூடிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறும் முன்பு என்னைக் கூப்பிட்டனுப்பிக் கையில் கொடுத்தார். "எனக்கு இதைத் தூக்கிப் போட மனசு வரலேம்மா. உன்கிட்டே இருக்கட்டும்."

பிரித்துப் பார்த்தேன். மேல்தோல் அன்று பார்த்த அதே புதுக் கறுப்பு. திருப்பினேன். குதிகால் தேய்ந்திருந்தது.

புத்தம் புதுச் சப்பாத்து அது. இரவல் வாங்கி ஒரு நாள், அதுவும் பாதி நாள் போட்டது. பாய் கடையில் யாராவது போட்டு நடந்திருப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அலமாரியில் என் கல்யாணப் புடவைக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். வருடத்துக்கு ஒருமுறை புடவையை வெயிலில் காயப்போட எடுக்கிறபோது அதையும் திருப்பிப் பார்ப்பேன். தேய்ந்துகொண்டே வந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். "பழைய தோலு, உளுத்துக் கொட்டுது" என்றார். போன வருடம் ஆணி தெரிய ஆரம்பித்தது.

பட்டணத்துக்கு எடுத்துப் போய்ப் புதுக் குதிகால் அடித்து வாங்கி வந்தேன். வழியில் கூட வந்த வீட்டுக்காரர் கேட்டார், "யாரு போடப் போறாங்க இதை?"

"நடக்கிறவரு போட்டுக்கட்டும்" என்றேன்.

நேற்று மலைக்குப் போகலாம் என்று எல்லாரும் கிளம்பினோம். நல்ல புடவை எடுக்க அலமாரியைத் திறந்தவள், சும்மா ஒருமுறை அதைத் திருப்பிப் பார்த்தேன். அடித்து இன்னும் ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. புதுக் குதிகால் தேய ஆரம்பித்திருக்கிறது. உள் ஓரம் அடித்தபடியே இருக்கிறது.

வெளி ஓரம் மட்டும்.